குளிர்ந்த பின் வா

காலை ஐந்து பத்துக்கு முடுக்கினால்
டிக் டிக் டிக் என்று எண்ணத் தொடங்கிவிடும்
தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விரா.
பாயா தெருபோங் அடுக்குமாடியின் கீழே
மோட்டார் சைக்கிள்கள் பனியில் நனைந்து நிற்கும் அந்நேரம்
ஒன்பதாம் மாடியில் ஒரு சன்னல் சாத்தப்படும்.
யாரென்று தெரியும்.
மின்தூக்கியில் சிரித்துக்கொள்வோம்.

ரெலாவ் இறக்கத்துக்குள் சத்தம் பாதி.
புக்கிட் ஜம்புல் சிவப்பு விளக்கில் துளியும் இல்லை.
தொழிற்சாலை வாசலில் அட்டையைத் தேய்க்கும்போது
காடி நல்ல பிள்ளை.

கொழுந்தன் சர்வேந்திரன் எண்ணெய்தான் என்றான்.
மாற்றினேன், நூற்று நாற்பது வெள்ளி.
பெட்ரோல் நிலையத்துக் கைருல்
ஒரு சின்ன போத்தலை நீட்டி
வால்வையெல்லாம் கழுவிவிடும் என்றான்.
ஊற்றினேன்.
வித்துத் தொலை என்று சொல்ல
இவருக்குப் போத்தல் எதுவும் தேவைப்படவில்லை.
என் பெயரில் இருக்கும் ஒரே பொருள் அது
என்று நான் சொல்லவில்லை.
டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன்.

கெங் வா பட்டறைக்கு மூன்று முறை போனேன்.
மூன்று முறையும் அது வாய் திறக்கவில்லை.
வைத்தியர் வாசலை மிதித்ததும்
எந்தப் பல் வலித்தது என்று
நாக்கால் தேடுவது போல நின்றேன்.

செய்து காட்டு என்றார்.
வெட்கத்தை விட்டு
மேலண்ணத்தில் நாக்கைத் தட்டிக் காட்டினேன்.
டயர் கழற்றிக்கொண்டிருந்த பையன்
தலை தூக்காமல் சிரித்தான்.
கெங் வா சிரிக்கவில்லை.
பெயிண்ட் டின்னில் ஸ்பேனரால் தட்டினார்:
இந்த வேகமா?
இல்லை, இன்னும் நிதானம்.
பாதியாக்கினார். இதுவா?
அதேதான்.
எண்ணெய் மிதித்தால்?
கூடவே ஓடும்.
அப்படியென்றால் அடிவயிற்றில் இல்லை,
இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு,
வால்வு, இல்லாவிட்டால் புகை போகும் வழி.
திங்கால் சாஜா.
விட்டுவிட்டுப் போ,
ராத்திரி முழுக்கக் குளிரட்டும்.

பேருந்தில் வீடு வந்தேன்.
இரவெல்லாம் மழை. இன்னும் குளிரட்டும் என்று படுத்திருந்தேன்.

ஐந்தரைக்குப் பட்டறைத் தகரக் கதவு பாதி ஏறியிருந்தது.
என் கையில் சாவி.
அவர் கையில் ஒரு முழம் ரப்பர் குழாய்,
ஒரு முனை காதில்.
இப்போ, என்றார்.

டிக் டிக் டிக்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.
நான் பொய் சொல்லவில்லை, பார்த்தீர்களா.

வால்வு மூடியின் மேல் குழாயை நகர்த்தினார்:
தையல் மெஷின், அவ்வளவுதான்.
எரிபொருள் ஊசிகள் நான்கும் தத்தம் வேலையில்.
புகைக் குழாய்கள் எஞ்சினோடு சேருமிடத்தில்
சட்டென்று தலையைப் பின்னிழுத்தார்.
காதுக்குள் ஊதியிருக்கிறது.

கவசத் தகரத்தைக் கழற்றினால்
நான்காம் துளையருகே கரி,
சாமி மாடத்து விளக்குக்கு மேல்
சுவரில் படிவது போல.
ஒரு போல்ட்டுக்குத் தலையே இல்லை.
அடுத்தது விரலுக்கே ஆடியது.

இரும்பு குளிர்ந்தால் சுருங்கும், இடுக்கு திறக்கும்,
சூடேறினால் தடித்துத் தானே மூடிக்கொள்ளும் என்று
இரண்டு உள்ளங்கைகளைப் பிரித்துச் சேர்த்து
அவர் சொல்லி முடிப்பதற்குள்
நின்றுவிட்டது.
பையனும் சேர்ந்து மூன்று பேர்
இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.
அப்புறம் அவர் கோப்பி கலக்கப் போனார்.

திங்கட்கிழமை, ஐந்து பத்து.
ஒன்பதாம் மாடிச் சன்னல் திறந்தே கிடந்தது.
ரெலாவ் வளைவில்
கிணுக்.
சில்லறைத் தட்டில்
இருபது காசுகளுக்கு நடுவே
கெங் வா போட்டு வைத்த
துருவேறிய பாதி போல்ட்.
எடுத்து எறியலாம்.
அடுத்த வளைவுக்கு வேகத்தைக் குறைத்தேன்.
அதற்கடுத்ததற்குக் குறைக்கவில்லை.